வரி கட்டிய வண்டிக்கு இன்னொரு வரி

போன செவ்வாய்க்கிழமை, சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ஹைவே ஓரம். மண்டையைப் பிளக்கிற வெயில். ஒரு பெண் புத்தம்புது ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்துகொண்டு, இறங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பக்கத்தில் அரசாங்க ஜீப். அதிலிருந்து இறங்கிய அதிகாரி, இறங்கித்தான் ஆக வேண்டும் என்கிறார்.

அந்தப் பெண் செண்பகம். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர் வீடு. அவள் பக்கத்தில், கையில் குடையும் மூஞ்சியில் கோபமுமாக நின்றுகொண்டிருந்தவள்... வேறு யார், நான்தான்.

செண்பகத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோயில் பக்கத்துக் குடும்பம். அப்பா ஆவடி தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். இவளும் இப்போது அங்கேயே கணக்குப் பிரிவில். சின்ன வயதில் வந்த போலியோ, இடது காலைக் கொண்டுபோய்விட்டது. காலில் இரும்புப் பட்டை, கையில் ஊன்றுகட்டை. தினமும் ஆட்டோவுக்காகக் குவார்ட்டர்ஸ் கேட் அருகே நிற்பாள். இவளைப் பார்த்ததும் சில ஆட்டோக்காரர்கள் வேகத்தைக் கூட்டுவார்கள். ஏறி இறங்க நேரமாகுமாம். மழை நாளில் அவள் நனைந்தபடி நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

இவளுடைய அண்ணன் பெங்களூரில் இருக்கிறார். லீவு போட்டு அங்கே போனவள், அண்ணன் தெரு மைதானத்தில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டாள். பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர். அங்கேயே ஒரு பட்டறையில் அளவு கொடுத்து, பிரேக்கைக் கைக்கு மாற்றி, தனக்கென்று ஒன்று தயார் செய்துகொண்டாள். வண்டி விலையோடு அந்த ஊர் விற்பனை வரியையும் கட்டினாள். பில் இருக்கிறது. தற்காலிகப் பதிவும் இருக்கிறது. இங்கே வந்து ஆர்.டி.ஓ.வில் பதிவு செய்துகொள்ள வேண்டியதுதான் பாக்கி.

வண்டி லாரியில் வந்தது. சென்னீர்குப்பத்தில் இறக்கித் தருவதாக ஏற்பாடு. துணைக்கு என்னைக் கூப்பிட்டாள். லாரி டிரைவரும் கிளீனரும் பலகை வைத்துப் பதமாக இறக்கினார்கள். அவள் கட்டையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஸீட்டைப் பிடித்து ஏறி உட்கார்ந்து, ஸ்டார்ட் செய்தாள். அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பக்கத்திலிருந்த டீக்கடையைக்கூடத் தாண்டவில்லை. ஜீப் வந்து குறுக்கே நின்றது.

"வெளி மாநில வண்டியா?"

"ஆமா சார். பெங்களூர்ல வாங்கினது."

"நுழைவு வரி கட்டிட்டீங்களா?"

"வரி கட்டியிருக்கேன் சார். இந்தாங்க பில்."

அவர் பில்லை வாங்கவே இல்லை. "அது அந்த ஊர் டாக்ஸ்மா. அது அவங்களுக்கு. இங்க நுழைஞ்சா எங்களுக்குக் கட்டணும். முழுசா. இல்லன்னா வண்டியை விட்டுட்டுப் போங்க, கட்டிட்டு வந்து எடுத்துக்கலாம்."

பெங்களூர் என்ன வெளிநாடா? நடுவில் கடல் இருக்கிறதா? காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் போய் இறங்குகிற ஊர். அங்கே ஒரு சாமானுக்கு வரி கட்டினால், இங்கே வந்ததும் அது கட்டாத வரியாகிவிடுமா?

காரணம் எனக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்து ஊரில் வரி குறைச்சல் என்று, அங்கே ஒரு பொய் விலாசம் கொடுத்து, பெரிய பெரிய கார்களை வாங்கிக்கொண்டு வந்து இங்கே ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் இந்தச் சட்டம். நல்ல சட்டம்தான். பிடியுங்கள். யார் வேண்டாம் என்றது?

ஆனால் நாங்கள் நின்றுகொண்டிருந்தபோதே, கண்ணாடியெல்லாம் கறுப்படித்த ஒரு நீளக் கார், வெளி மாநில நம்பரோடு சர்ரென்று போயிற்று. ஜீப் டிரைவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். அதிகாரியும் பார்த்தார். அப்புறம் இரண்டு பேரும் மறுபடி செண்பகத்தைப் பார்த்தார்கள்.

ஓட முடியாதவளைப் பிடிப்பது சுலபம்தானே?

"வண்டியை விட்டுட்டு நான் எப்படி சார் போறது?" என்று கேட்டாள் செண்பகம்.

"அதுக்கு நான் என்னம்மா செய்ய முடியும்? ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான். இறங்குங்க. நம்ம ஆள் ஓட்டிட்டு வருவான்."

"நான் இறங்க மாட்டேன் சார். இது எனக்குக் கால். காலை விட்டுட்டுப் போன்னு சொன்னா எப்படிப் போவேன்?"

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டாள். ஹேண்டில்பாரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்து உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுக்குக் குடை பிடித்தேன்.

கூட்டம் சேர்ந்தது. லாரி டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து நின்றார். டீக்கடைக்காரர் துடைத்த கையோடு வந்தார்.

"இன்னா சார், அந்தம்மா கஞ்சாவா கடத்திகினு வந்துச்சு? வுடு சார். வெயில்ல குந்திகினு கீது பாரு."

"நீ உன் வேலையைப் பாருய்யா."

"என் கடை வாசல்ல நடக்குது. இதுவும் என் வேலதான்." சொன்னவர், உள்ளே போய் ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து செண்பகத்தின் கையில் கொடுத்தார். அதிகாரிக்குக் கொடுக்கவில்லை.

வெயில் ஏறிக்கொண்டே போனது. அவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். இறங்கினார். வாட்சைப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளையைத் தூக்கி இறக்கவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் மனசில்லை. அவள் உதடு காய்ந்து, புடவை முதுகோடு ஒட்டிப் போயிருந்தது. பட்டை போட்ட காலை அடிக்கடி கையால் தூக்கி நகர்த்திக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

பத்திரிகையின் பெயரையும் என் பெயரையும் சொல்லி, "வாராவாரம் எழுதறவ நான். உங்க பேரைச் சொல்றீங்களா சார்?" என்றேன்.

மந்திரம் போட்ட மாதிரி இருந்தது. அந்த மனிதர் சிரித்தார். காலையிலிருந்து முதல் தடவை.

"நீங்களாம்மா? எங்க வீட்டுல விடாம படிப்பாங்க. இதை முதல்லயே சொல்லியிருக்கக் கூடாதா?"

எதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்? அவளால் நடக்க முடியாது என்பது பார்த்தாலே தெரிந்தது. வரி கட்டிய பில்லை நீட்டினாள். சொல்லாமல் விட்டது ஒன்றுதான் — பக்கத்தில் நிற்கிறவள் பத்திரிகையில் எழுதுகிறாள் என்பது. அதைச் சொன்னதும் சட்டம் இளகிவிட்டது. அப்படியானால் இவ்வளவு நேரம் அது எதற்கு விறைப்பாக நின்றது?

"போங்கம்மா, போங்க. அப்புறம் பார்த்துக்கலாம்," என்று செண்பகத்துக்குக் கை காட்டினார்.

அவள் போகவில்லை.

"அப்புறம் பார்க்க வேணாம் சார். நான் கட்ட வேண்டியது எவ்வளவு? அதைச் சொல்லுங்க."

"அதான் போகச் சொல்லிட்டேனே."

"யாரோ தெரிஞ்சவங்கன்னு விட்டா, நாளைக்கு வேற ஜீப் வந்து பிடிக்கும். அப்ப அக்கா கூட இருக்க மாட்டாங்க. சட்டத்துல என்ன இருக்குன்னு சொல்லுங்க சார்."

வேறு வழியில்லாமல் அவர் பில்லை வாங்கினார். படித்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், மீதி வித்தியாசம் மட்டும்தான் கட்ட வேண்டும், அதையும் ஆபீசுக்கு வந்து கட்டினால் போதும், வண்டியை நிறுத்தத் தேவையில்லை — இத்தனையும் தடங்கல் இல்லாமல் சொன்னார்.

தெரிந்திருக்கிறது ஐயா. எல்லாம் தெரிந்திருக்கிறது. தெரியாமல் செய்தால் மன்னிக்கலாம். தெரிந்துகொண்டே ஒருத்தியை வெயிலில் வறுத்தெடுத்திருக்கிறார்.

"அதை எழுதிக் கொடுத்துடுங்க," என்றாள் செண்பகம். எழுதிக் கொடுத்தார். அதன் பிறகுதான் சாவியை வெளியே எடுத்தாள்.

நான் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். ஆவடி ரோட்டில் திரும்பினோம். வெற்றிக் களிப்பில் நான்தான் ஏதேதோ பேசிக்கொண்டு வந்தேன். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் வந்ததும் வண்டியை நிறுத்தினாள்.

"நீங்க எதுக்குக்கா பத்திரிகைன்னு சொன்னீங்க?"

"உனக்காகத்தானே..."

"இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா அவராவே இறங்கி வந்திருப்பாரு. நான் ஜெயிச்சிருப்பேன். இப்ப நீங்க ஜெயிச்சுட்டீங்க."

 பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வண்டியைக் கிளப்பினாள்.

வெள்ளிக்கிழமை வித்தியாசத்தைக் கட்டப் போனாள். நானும் வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். சாயங்காலம் ஸ்கூட்டர் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடினேன். ரசீதைக் காட்டினாள். புடவையின் பின்பக்கமெல்லாம் ஒரே அழுக்கு.

"விழுந்துட்டியா செண்பகம்?"

"இல்லக்கா. ஆபீஸ் மாடியில இருக்கு. கைப்பிடி இல்ல. உக்காந்து உக்காந்து ஏறினேன். இறங்கும்போதும் அப்படித்தான்."

"கீழே வந்து வாங்கிக்கச் சொல்லி யார்கிட்டயாவது சொல்லியனுப்பக் கூடாதா?"

"சொல்லியனுப்பினேன். பணம் கட்டுறவங்கதான் மேல வரணுமாம்."

இதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.  வரி கட்டாமல் தப்பிக்கிறவனுக்குக் கதவைத் திறந்துவிட்டு, கட்டியே தீருவேன் என்று வருகிறவளைப் படியில் தவழ விடுகிற ஊர் இது. அந்தப் படிக்கட்டைக் கட்டியதும் இவளைப் போன்றவர்கள் கொடுத்த வரிதானே?

"எழுதப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதட்டுமா?"

கொஞ்சம் யோசித்தாள். "எழுதுங்க. ஆனா பாவம், நொண்டின்னு உருகி உருகி எழுதாதீங்க. பாவமா இருந்தா நான் வண்டியை விட்டு இறங்கியிருப்பேன்."

உருகவில்லை, செண்பகம். எரிந்துதான் எழுதியிருக்கிறேன்.