வாடைக்காலத்தில் ஓடுகிறவனின் உடுப்பு

கோணாமலைக்கு ஓடுவதற்கென்று ஒரு உடுப்பு இருந்தது. கையில்லாத வெள்ளைப் பெனியன், தொடைக்கு மேல் நிற்கும் நீலக் காற்சட்டை. காற்சட்டையில் ஒரு பொக்கற் இருந்தது. அதையும் மனைவி புஸ்பத்திடம் கொடுத்துத் தைத்து மூடியிருந்தான். தொப்பி கிடையாது, துவாய் கிடையாது, இடுப்பில் ஒரு கயிறுகூடக் கிடையாது. அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிக் கையில் பிடித்துக்கொள்வான். வெயில் கொளுத்தும் ஆனியிலும் இதே உடுப்புத்தான். வாவிக்கு மேலால் வாடைக்காற்று வந்து எலும்பைத் தொட்டுப் பார்க்கும் மார்கழியிலும் இதே உடுப்புத்தான். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்கள். இவன் மடியையே வீட்டில் விட்டுவிட்டு ஓடினான். அப்படியும் பயம் போகவில்லை.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. நாவற்குடாவில் பெரிய வீதியோரம் ஆமி ஆட்களை மறித்துச் சோதிக்கும் சென்றி இருந்தது. குண்டைக் கட்டிக்கொண்டு வருகிறவர்கள் தடித்த உடுப்புக்குள் மறைத்துக்கொண்டு வருவார்கள் என்று அங்கே நிற்பவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதனால் குளிருக்கு மேலுக்கு மேல் உடுத்தியவனைக் கண்டாலே அவர்களின் கை துவக்குக்குப் போகும். அவன் ஓடியும் வந்தால் கேட்கவே வேண்டாம். வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை ஆமியிடம். அந்தப் பக்கம் படுவான்கரை ஆமியோடு சண்டை பிடிக்கும் இயக்கத்திடம். நடுவில் கிடந்த சனம் எதை உண்பது, எதை உடுப்பது என்பதையெல்லாம் இரண்டு பக்கத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்தது.

அப்படியானால் ஏன் ஓட வேண்டும், வீட்டில் கிடக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். புஸ்பமும் அதைத்தான் கேட்டாள். கோணாமலை கதிரவெளிக்காரன். கடற்கரை மணலில் ஓடி வளர்ந்தவன். சித்திரை விளையாட்டுகளில் மரதன் ஓடி வீட்டுக்குப் பரிசாகக் குடம் குடமாகக் கொண்டுவந்து சேர்த்தவன். தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் ஊரே ஓடியபோது அவனும் ஓடினான். அந்த ஓட்டத்துக்குப் பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை, குடங்களும் போயின. நாவற்குடாவுக்கு வந்து நெல் ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். உமித்தூசி நெஞ்சுக்குள் இறங்கி இழுப்பைக் கொண்டுவந்தது. "ஓடுறதை விட்டுடாதீங்க, அதுதான் உங்களுக்கு மருந்து. ஆனா நெஞ்சில குளிர் படவிடாதீங்க" என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். நல்ல புத்திதான். சென்றியைத் தாண்டி ஓடுகிறவனுக்கு அதில் பாதியைத்தான் செய்ய முடிந்தது. நெஞ்சில் வேப்பெண்ணெயும் கற்பூரமும் தேய்த்துக்கொண்டு வெறும் பெனியனோடு ஓடினான்.

சென்றியில் காலையில் நிற்பவன் சோமபால. வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு விளைவிக்கும் குடும்பம். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ச் சனத்தோடு பழகியதால் கொஞ்சம் தமிழ் பேசுவான். பனிமூட்டத்தில் முகம் தெரியாது. வெள்ளைப் பெனியனைக் கண்டதும் கையைத் தூக்கிக் காட்டுவான். கோணாமலை கிட்டப் போய்ப் பெனியனைத் தூக்கி வயிற்றைக் காட்டிவிட்டு ஓடுவான். இரண்டு பேரும் பேசிக்கொண்டது சொற்பம். ஆனாலும் அந்த வீதியில் கோணாமலையைப் பார்த்துச் சிரிக்கிற துவக்குக்காரன் அவன் ஒருவன்தான்.

அந்த மார்கழியில் மழையும் வாடையும் சேர்ந்து பிடித்தன. ஒரு நாள் காலை சென்றிக்கு முன்னால் கோணாமலைக்கு இழுப்பு வந்துவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றான். உதடு நீலமாகிவிட்டது.

"மல்லி, உனக்குக் குளிர் இல்லையா?" என்று தன் பாசையில் தம்பியென்று கூப்பிட்டுக் கேட்டான் சோமபால.

"குளிர்தான் சேர்."

"அப்ப ஏன் உடுப்பு போடல்ல?"

உங்களுக்குப் பயந்துதான் என்று எப்படிச் சொல்வது? கோணாமலை இருமினான். சோமபால உள்ளே போய் ஒரு கம்பளி ஜேர்சியோடு வந்தான். வீட்டில் அம்மா பின்னி அனுப்பியதாம். மகன் பட்டாளத்தில் இருக்கிறான் என்று அந்த மனுசி பச்சை நூலாகவே வாங்கியிருக்கிறாள். சின்னப் பிள்ளைக்கு மாட்டுவதுபோல அவனே கோணாமலையின் தலைக்கு மேலால் அதை இறக்கிவிட்டான். "வெச்சுக்கோ. நாளைக்கும் போடு" என்றான். எதிரே கடையில் பாண் ரொட்டி வாங்க நின்ற சனம் முழுவதும் பார்த்துக்கொண்டு நின்றது.

கோணாமலைக்கு நெஞ்சில் சூடு ஏறியது. ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் அதைக் கழற்றி எறிந்தான்.

"ஐயோ, ஆமிர உடுப்பா?" என்று புஸ்பம் தலையில் கை வைத்தாள். "இதப் போட்டா அங்காலப் பக்கம் காட்டிக்குடுக்கிறவன் எண்டு சொல்லுவாங்க. எரிச்சுப் போடுங்க."

"எரிச்சா நாளைக்கு அவன் கேப்பான். என்ன சொல்ற?"

எரிக்கவும் இல்லை, போடவும் இல்லை. உமிச் சாக்குக்குள் ஒளித்து வைத்தார்கள். எங்கே ஜேர்சி என்று சோமபால கேட்கும்போதெல்லாம், கழுவினது, இன்னும் காயவில்லை என்று கோணாமலை சொன்னான். வாடைக்காலத்தில் கம்பளி காய நாளாகும். அது நல்ல பொய்.

அதற்குள் புஸ்பத்தின் தம்பி வினாயகமூர்த்தி வந்தான். படுவான்கரையில் வயல் செய்கிறவன். கதிர் முற்றும் காலம். வயல் வட்டைக்குள் யானையும் பன்றியும் இறங்காமல் பரண் கட்டிக் காவல் இருக்க வேண்டும். குளிரில் பல் கிட்டுது அக்கா என்றான். புஸ்பத்துக்கு மனம் பொறுக்கவில்லை. கோணாமலை ஆலையில் இருந்த நேரம் ஜேர்சியை எடுத்துத் தேங்காய்களுக்கு அடியில் வைத்து அவன் பையில் கட்டிக் கொடுத்துவிட்டாள். வீட்டைப் பிடித்த சனியனும் தொலையும், தம்பிக்கும் குளிர் விடும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தாள். வட்டைக்குள் யார் பார்க்கப் போகிறார்கள், யானைதானே பார்க்கும் என்றும் நினைத்தாள். பாவம், தம்பிமேல் பாசம் வைத்த எவளும் அப்படித்தான் செய்திருப்பாள்.

விடிகிற நேரம் பரணில் பச்சை உடுப்போடு ஒருவன் நிற்பதை இயக்கத்துப் பொடியன்கள் கண்டார்கள். ஆமி வட்டைக்குள் இறங்கிவிட்டது என்று முதலில் வளைத்திருக்கிறார்கள். கிட்ட வந்து பார்த்தபடியால் சுடவில்லை. ஆனால் விடவும் இல்லை. தோணியில் மரக்கறி கொண்டு வந்து விற்கும் கண்ணகைதான் செய்தியைக் கொண்டுவந்தாள்.

"புஸ்பம், உன்ர தம்பியப் புடிச்சி வெச்சிருக்காங்க. உடுப்பு ஆர் தந்த எண்டு கேட்டிருக்காங்க. அத்தான்ர எண்டு சொல்லிப்போட்டானாம். உன்ர புருசன வரட்டாம்."

புஸ்பம் வாயில் அடித்துக்கொண்டு அழுதாள். கோணாமலை அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் வாவியைக் கடந்து போனான். இயக்கத்தில் அந்தப் பகுதிக்குப் பொறுப்பாளர் என்று இருந்தவனுக்கு மீசை இப்போதுதான் அரும்பியிருந்தது. மரியாதையாகக் கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தான். அந்த மரியாதைதான் கோணாமலையைப் பயமுறுத்தியது. மேசையில் ஜேர்சி மடித்து வைக்கப்பட்டிருந்தது. கோணாமலை உள்ளது உள்ளபடி சொன்னான். பொறுப்பாளர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டான்.

"இதப் போட்டுக்கொண்டு போனா அவன் செக் பண்ணுவானா அண்ணன்?"

"தெரியா தம்பி. நான் போடல்லயே."

"இனிப் போடுங்க. ஒவ்வொரு நாளும் போட்டுக்கொண்டு ஓடுங்க. அவனுக்குப் பழகட்டும். பொறகு ஒரு நாள் சொல்லி அனுப்புவம். அண்டைக்கு நீங்க ஓடத் தேவையில்ல. இத மட்டும் வேலியில போட்டு வைங்க."

கோணாமலையின் வாயில் தேத்தண்ணி கசந்தது. அவனுடைய உயரத்தில், அவனுடைய ஓட்டத்தில், இந்தப் பச்சைக்குள் குண்டைக் கட்டிக்கொண்டு வேறொருவன் அன்றைக்குச் சோமபாலவிடம் போவான். அது விளங்க அவனுக்குப் படிப்பு வேண்டியிருக்கவில்லை.

"மச்சானை..." என்று இழுத்தான்.

"அவர் இஞ்ச இருக்கட்டும். நல்லாச் சாப்பிடுறார்" என்றான் பொறுப்பாளர்.

கோணாமலை ஜேர்சியோடு திரும்பி வந்தான். புஸ்பத்திடம் எதையும் சொல்லவில்லை. தம்பியைக் கொஞ்ச நாளில் விடுவார்கள், அதுவரை ஜேர்சியைப் போட்டு ஓடட்டாம் என்று மட்டும் சொன்னான். ஏன் என்று அவள் கேட்டாள். குளிருக்கு என்றான்.

முதல் நாள் அதைப் போட்டுக்கொண்டு போனபோது சோமபாலவின் முகத்தைப் பார்க்க வேண்டும். கை தட்டினான். "ஆ, இப்ப சரி! அம்மாவுக்குச் சொல்றேன்" என்றான். கிட்டப் போய் ஜேர்சியைத் தூக்கிக் காட்டக் கோணாமலை கையை வைத்தான். வேண்டாம், ஓடு ஓடு, குளிர் பிடிக்கும் என்று அவனே தடுத்தான். அடுத்த நாளும் அப்படித்தான். பிறகு தூரத்தில் பச்சையைக் கண்டதுமே கையை அசைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். சுடுதண்ணிக் கோப்பையை ஊதிக் குடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி நின்றான். அந்த முதுகைப் பார்க்காமல் கோணாமலை தாண்டி ஓடினான்.

நெஞ்சு சுகமாகத்தான் இருந்தது. இத்தனை வருசத்தில் இழுப்பில்லாமல் போன ஒரே மார்கழி அதுதான். அந்தச் சுகம் அவனைத் தின்றது. சோற்றில் கை வைத்தால் இறங்கவில்லை. சோமபாலவிடம் போய் உள்ளதைச் சொன்னால் வினாயகமூர்த்தி பிணமாகத்தான் வருவான். சொல்லாவிட்டால் சோமபால போவான். அவனோடு பாண் வாங்க நிற்கிற சனமும் போகும். காணாமல் எங்காவது ஓடிவிடலாம் என்றால், இவனும் இந்த ஜேர்சியும் இல்லாமலே, வேறொரு பச்சையைப் போட்டுக்கொண்டு ஓடக்கூடியவர்களும் அங்கால் பக்கம் இருக்கத்தான் செய்தார்கள். சோமபாலவுக்குப் பழகிவிட்டதே, அதுதான் விசம். அதை முறிக்க வேண்டும். முறித்தது தான்தான் என்று ஒருவருக்கும் தெரியவும் கூடாது.

கண்ணகை மீண்டும் வந்தாள். "வெள்ளிக்கிழமை வேலியில போடட்டாம். என்னத்த எண்டு எனக்குத் தெரியா" என்றாள். அவளுக்கு உண்மையாகவே தெரியாது. அன்று வியாழன் விடிந்திருந்தது.

கோணாமலை ஜேர்சியை மாட்டிக்கொண்டு ஓடினான். பாண் கடை முன்னால் சனம் நிறைந்திருந்தது. சோமபால கையை அசைத்தான். கோணாமலை நேரே அவன் முன்னால் போய் நின்று, ஜேர்சியைக் கழற்றி வீதிச் சேற்றில் எறிந்தான்.

"உங்கட உடுப்பு எனக்கு வேணாம். நாறுது!"

சோமபால பகிடி என்றுதான் நினைத்தான். சிரித்துக்கொண்டே குனிந்து எடுக்கப் போனான். கோணாமலை அதன்மேல் காலை வைத்து மிதித்தான்.

"மல்லி, அது அம்மா பின்னினது" என்றான் சோமபால. இன்னமும் கோபம் வரவில்லை. கோபம் வராத அந்த மனிதனைப் பார்த்துக் கோணாமலைக்கு அழுகை வந்தது. அதை விழுங்கிக்கொண்டு, அந்த அம்மாவைப் பற்றி எந்த மகனும் பொறுக்காத ஒரு சொல்லைச் சொன்னான். சிங்களத்தில் அவனுக்குத் தெரிந்த ஒரே தூசணம் அது. எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்.

துவக்கின் பிடி முதலில் விலாவில் இறங்கியது, பிறகு முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம் பாண் கடைவரை கேட்டதாம். மற்ற ஆமிக்காரர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் சோமபாலதான் அவர்களைத் தடுத்தான். ஜேர்சியைச் சேற்றோடு எடுத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

ஆமியிடம் அடி வாங்கிக் கால் முறிந்தவனைக் காட்டிக்கொடுப்பவன் என்று யார் சொல்வார்கள்? கோணாமலை ஆஸ்பத்திரியில் கிடந்தபோதே வினாயகமூர்த்தியை விட்டுவிட்டார்கள். "உங்கட அத்தான் இனி ஓடமாட்டாராம், கேள்விப்பட்டம், போங்க எண்டாங்க" என்று வந்து சொன்னான். பொறுப்பாளர் வேறொன்றும் கேட்கவில்லையாம். கோணாமலை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். டொக்டர் காலைப் பார்த்துவிட்டு, நடக்கலாம் என்றார். ஓடலாமா என்று அவரிடம் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு அவன் உடுப்புக்கு ஒரு கணக்கும் இல்லை. இரண்டு சாரம், தடித்த சேட்டு, அதற்கு மேல் புஸ்பத்தின் பழைய சேலை என்று சுற்றிக்கொண்டு, காலை நீட்டி உள்வீட்டில் இருந்தான். காலையில் சென்றியின் சத்தம் அங்கே கேட்கும். முன்பெல்லாம் அங்கிருந்து சிரிப்புக் கேட்கும். இப்போது சோமபால தூரத்திலேயே மறிக்கிறான். வருசக்கணக்காகப் பழகிய பாண்காரனையும் நிறுத்தி, சேட்டைத் தூக்கச் சொல்லிக் கத்துகிறான். கண்ணகையின் கூடையைக் கவிழ்த்துக் கொட்டச் சொல்கிறான். பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூட வரிசையில் நிற்கிறார்கள்.

"எவ்வளவு நல்ல மனிசன். நீங்க செஞ்ச வேலையால இப்ப ஊருக்கே பேயாகிப்போனான்" என்று புஸ்பம் காலுக்கு எண்ணெய் பூசியபடி புறுபுறுத்தாள். "அண்டைக்கு உங்களுக்கு என்ன புடிச்சது? கேளுங்க, இப்பயும் கத்துறான்."

"கத்தட்டும் புஸ்பம்" என்றான் கோணாமலை. "கத்துறவன் உசிரோட இருக்கான்தானே."