மூன்றாவது கைநாட்டு

முனியன் அதுவரை கைநாட்டு வைத்த காகிதங்கள் மொத்தம் மூன்று. முதலாவது காலனியில் கிடைத்த வீட்டுமனைக்கு. இரண்டாவது குடும்ப அட்டைக்கு. அந்த இரண்டையும் யாரோ நீட்டினார்கள், இவர் கட்டைவிரலை நீட்டினார். மூன்றாவதைத்தான் அவரே தேடிப்போய் எழுதச் சொல்லி, முதல் ஆளாக மையைத் தொட்டு வைத்தார். அதை நினைத்துத்தான் பின்னால் அவருக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

உத்திரமேரூருக்கு மேற்கே ஏரிப் பாசனத்து ஊர் அது. ஊருக்கும் காலனிக்கும் நடுவே ஓடு வேய்ந்த கட்டடத்தில் பால்வாடி. எழுபத்தெட்டில் சாரதா டீச்சர் அங்கே வேலைக்கு வந்தார். காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துப் பெண், தினமும் பஸ்ஸில் வந்து போவார். தோளில் மண்வெட்டியோடு வாசலில் தயங்கி நின்ற முனியனைப் பார்த்து, "வாங்க, உள்ள வந்து பாருங்க" என்றார் முதல் நாளே. ஊர்ப் பக்கத்து ஆட்கள் யாரும் அதுவரை முனியனுக்கு அந்த 'ங்க'வைப் போட்டதில்லை.

உள்ளே ஒரு மண்குடம் இருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தனக்கென்று ஓர் இலையோடு வர வேண்டும். முனியனின் மகள் பவளத்துக்குப் புங்கன். இன்னொருத்திக்கு வேம்பு, ஒருவனுக்கு எருக்கு. எல்லாவற்றையும் குடத்தில் போட்டுக் குலுக்கி, இருப்பதிலேயே பொடிசு ஒன்று கையை விட்டு ஓர் இலையை எடுக்கும். எவருடைய இலை வந்ததோ அவர் சொல்வதுதான் அன்றைக்கு விளையாட்டு. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் கல்வெட்டாக இருக்கிற குடவோலைத் தேர்தல் சமாச்சாரத்தை டீச்சர் அப்படியே பால்வாடிக்குள் இறக்கிவிட்டிருந்தார். பிறகு இலைகளைக் கொட்டி எண்ணுவார்கள், பெரிசு சிறிசு பிரிப்பார்கள், எந்த இலை வரவில்லையோ அந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள். அங்கே ஒரு வருஷம் இருந்துவிட்டு ஒன்றாம் வகுப்புக்குப் போன மூத்தவன் வேதகிரி, வாத்தியாரையே கேள்வி கேட்கிறான் என்று பேர் வாங்கியிருந்தான். முனியன் அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிரம்பின் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

நடவுக்கு முன் சேற்றில் தழை போட்டு மிதிக்கிற காலம். தலையில் புங்கந்தழைக் கட்டோடு முனியன் டீக்கடையைத் தாண்டும்போது, பண்ணைக் கணக்குப்பிள்ளை வேதாசலம் பெஞ்சில் உட்கார்ந்தபடி கூப்பிட்டார்.

"இன்னாடா முனியா, உன் பொண்ணுக்கு இப்பவே தழை பறிக்கச் சொல்லித் தராங்களாமே? எங்க புள்ளைங்களுக்கு அ, ஆ. உங்குளுதுக்குத் தழை. நல்லதாப் போச்சு, நாளைக்கு ஆள் தேட வாணாம் பாரு."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. முனியனும் சிரித்து வைத்தார். கட்டு கனத்தது. இலையையும் மண்ணையும் கொடுத்து நம் பிள்ளைகளை நம் இடத்திலேயே உட்கார வைக்கப் பார்க்கிறார்கள், மரியாதையாக 'வாங்க' என்று சொல்லியே ஏமாற்றுகிறார்கள் என்று வயல் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு நிச்சயமாகிவிட்டது.

மனைவி பாஞ்சாலி தடுத்துப் பார்த்தாள். "அது சிரிச்சிக்கினு போவுது, சிரிச்சிக்கினு வருது. உனுக்கு இன்னா பேஜாரு?"

"சிரிச்சா வேல குடுப்பானா?" என்றார் முனியன்.

உத்திரமேரூரில் புளியமரத்தடியில் மனு எழுதுகிறவரிடம் போனார். பால்வாடியில் எழுத்தே சொல்லித் தருவதில்லை, காலனிப் பிள்ளைகளை வேண்டுமென்றே விளையாட விட்டுக் கெடுக்கிறார்கள் என்று எழுதியாயிற்று. காலனியில் பத்துப் பேரைச் சேர்த்தார். யார் வைத்த ரேகை என்று யாருக்குத் தெரியப்போகிறது என்பது அவர் தைரியம்.

மாதம் திரும்புவதற்குள் மேலிடத்து உத்தரவு வந்துவிட்டது. இனி இலை கூடாது, ஆட்டம் கூடாது, சிலேட்டும் பலப்பமும்தான். குடம் பரணுக்குப் போனது. முனியன் புளியம் விளாரில் இரண்டை வெட்டிச் சீவினார். ஒன்றை டீச்சரிடம் கொடுத்து, அடித்தே சொல்லிக் கொடுங்கள் என்றார். டீச்சர் அதை வாங்கி ஜன்னலில் வைத்தார். வைத்தது வைத்தபடியே காய்ந்தது. இன்னொன்று முனியன் வீட்டுக் கூரையில் செருகப்பட்டது. அது காயவில்லை, தினமும் சாயங்காலம் பவளத்தின் உள்ளங்கையில் இறங்கியது.

நாலு மாதத்தில் பவளம் ஒன்று முதல் நூறு வரை மடை திறந்த மாதிரி சொன்னாள். முனியன் அவளை டீக்கடைக்கு அழைத்துப்போய், வேதாசலம் காதில் விழும்படி சொல்ல வைத்தார். அன்று அவர் நடையே வேறாக இருந்தது. பாயை நனைக்காமல் இருந்த பெண் மறுபடி நனைக்க ஆரம்பித்ததும், வாயைத் திறந்தால் எண்ணைத் தவிர வேறு பேச்சு வராததும் அவர் கண்ணில் படவில்லை.

அடுத்த நடவில் அது பட்டது. பாஞ்சாலி நாற்றுப் பறித்து முடி முடியாகக் கட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். முனியன் வரப்பில் நின்று, "பவளம், ஏழு முடி கொண்டா" என்றார்.

குழந்தை குனிந்தாள். கையில் அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தாள். பதின்மூன்றோ பதினாலோ. "ஏழும்மா" என்றார் அவர். அவள் கட்டுகளைக் கீழே போட்டுவிட்டு நேராக நின்று ஒன்று, இரண்டு என்று தொடங்கினாள். ஏழைத் தாண்டினாள். இருபதைத் தாண்டினாள். நூறைச் சொல்லி முடித்துவிட்டு, அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு வலது கையை நீட்டினாள்.

முனியனின் கையில் விளார் இல்லை. சேறுதான் இருந்தது.

"நைனா, அதுக்குச் சொல்லத்தான் தெரியும், எண்ணத் தெரியாது" என்றான் வேதகிரி, ஐந்தைந்தாக முடிகளை வரப்பில் அடுக்கிக்கொண்டே. "எங்களுக்கு டீச்சரு இலைய வெச்சுல்ல எண்ணக் குடுத்தாங்க."

அன்று மத்தியானம் முனியன் கஞ்சி குடிக்கவில்லை. கூரையிலிருந்த விளாரை உருவி அடுப்பில் வைத்தார். மறுநாள் வேலைக்குப் போகவில்லை. பால்வாடி வாசலில் போய் நின்றார்.

"வாங்க" என்றார் சாரதா டீச்சர், எப்போதும் போல.

அந்த வார்த்தை அவரைப் போட்டு அறுத்தது. சுற்றி வளைக்கத் தெரியாமல், "டீச்சரம்மா, உங்க மேல ஒரு மனு போச்சே, அதுல மொத ரேகை என்துதாங்க" என்றார்.

"தெரியும்."

"ரேகைய வெச்சு எப்பிடிங்க?"

"ஒவ்வொரு ரேகைக்குப் பக்கத்துலயும் பேரு எழுதி இருந்திச்சு. ஆபீஸ்ல காட்டினாங்க."

தன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்றுகூட முனியனுக்குத் தெரியாது. அந்தப் பெயரைப் படித்துவிட்டுத்தான் இந்த அம்மாள் பதினோரு மாதமாக அவரை 'வாங்க' என்று கூப்பிட்டிருக்கிறார். அவர் மகளுக்குச் சளி பிடித்தபோது கஷாயம் வைத்துக் கொடுத்திருக்கிறார். முனியன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று மட்டும் கேட்டார்.

"இன்னான்னு கேக்குறது? எழுத்து வேணும்னு கேட்டீங்க. அதுல தப்பு இல்லியே. இலைதான் அந்த எழுத்துக்கு வழின்னு நான் உங்களாண்ட வந்து சொல்லியிருக்கணும். சொல்லல."

டீச்சர் பழியில் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது முனியனுக்குத் திட்டியதைவிட மோசமாக இருந்தது. குடத்தை இறக்கச் சொல்லிக் கெஞ்சினார். உத்தரவை மீறினால் வேலை போய்விடும், கேட்டு நிறுத்தியவர்களே கேட்டால்தான் மேலிடம் மாற்றும் என்றார் டீச்சர்.

முனியன் வீடு வீடாக ஏறினார். போன தடவை பத்துப் பேரைச் சேர்க்க ஒரு சாயங்காலம் போதுமாக இருந்தது. இந்தத் தடவை ஒன்பது நாள். "அன்னிக்கு நீதானே எழுத்து எழுத்துன்னு குதிச்ச? நாளைக்கு மூணாவதா ஒரு மனுவோட வருவியா?" என்று கேட்டார்கள். அவர் நாற்றங்காலில் நடந்ததைச் சொன்னார். பவளம் கை நீட்டியதைச் சொல்லும்போது மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் தடுமாறினார். டீக்கடையில் வேதாசலம், தழைக்கே திரும்பிவிட்டாயா என்று கேட்டபோது, "ஆமாங்க" என்றுவிட்டு நடந்தார். எட்டுப் பேர் ரேகை வைக்க ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேர் கடைசிவரை ஒப்பவில்லை. எழுதி முடித்ததும் மனு எழுதுகிறவரிடம், "என் பேரு எதுங்க?" என்று கேட்டு, அதன் பக்கத்தில் நான்காவது கைநாட்டை வைத்தார் முனியன்.

ஆடியில் கொடுத்த மனுவுக்கு ஐப்பசியில்தான் பதில் வந்தது. எழுத்தும் நடக்கட்டும், இலையும் நடக்கட்டும் என்று. பரணிலிருந்து குடத்தை முனியனே இறக்கித் துடைத்தார்.

அந்தக் காலையில் பவளத்துக்கு ஒரு புங்க இலையைக் கொடுத்து, "போயி போட்டுட்டு வாம்மா" என்றார். மற்றப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டு போட்டார்கள். பவளம் குடத்தருகே போகவில்லை. திரும்பி அப்பாவிடமே வந்தாள். இலையை உள்ளங்கையில் விரித்து வைத்து, கையை நீட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

முனியன் அந்தக் கையைக் கீழிருந்து தாங்கினார். குடம்வரை அப்படியே தாங்கிக்கொண்டு நடந்தார். இலை உள்ளே விழுந்தது. அவள் கண்ணை எப்போது திறப்பாள் என்று குனிந்து பார்த்துக்கொண்டே நின்றார்.