அவர் கேட்ட கம்ப்யூட்டர்

என் கணவர் கல்ஃபில் கட்டட வேலையிடத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். போன வருஷம் திரும்பி வந்தபோது ஏறக்குறைய பேசுவதையே நிறுத்தியிருந்தார். அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த நண்பர் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டார் என்று மட்டும் கூட வந்த ஆள் சொன்னார். எப்படி விழுந்தார், அப்போது இவர் எங்கே இருந்தார் என்றெல்லாம் அந்த ஆளுக்கும் தெரியவில்லை.

குலசேகரத்தில் ரப்பர் தோட்டத்தை ஒட்டி எங்கள் வீடு. நான் பள்ளியில் கணக்கு டீச்சர். காலையில் நான் கிளம்பும்போது அவர் எந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பாரோ, சாயங்காலமும் அதே பக்கம் திரும்பிக் கிடப்பார். சோறு வைத்தது வைத்தபடி இருக்கும். நாகர்கோவில் மனநல டாக்டர் மாத்திரை கொடுத்தார். ஒருநாள் நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் கிணற்றுச் சுவரில் கையூன்றிக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாக்குதிய?"

"தண்ணி எவ்வளவு கெடக்குன்னு."

மறுநாளே லீவு போட்டு, கிணற்றுக்கு மேல் இரும்புக் கம்பி வலை போட ஆள் வைத்தேன். அதன்பிறகு வகுப்பில் பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட என் காது பைக்குள் இருக்கும் போனில்தான் இருக்கும்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் டீ கொண்டுபோனபோது அவராகவே வாயைத் திறந்தார்.

"ஏட்டி, ஒரு கம்ப்யூட்டர் வேணும். கேம் வெளையாடதுக்கு."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, என்ன கேம் என்று கேட்டேன்.

"லாரி ஓட்டுயது. அவன்ட்ட இருந்திச்சு. ரூம்ல மாறி மாறி ஓட்டுவோம்."

செத்துப்போன நண்பரைப் பற்றி அவர் வாயிலிருந்து முதன்முதலாகக் கேட்டது அதுதான்.

என் அண்ணன் சொன்னான், "ரெடிமேடா ஒண்ணு வாங்கிக் குடு மக்கா. அவரு ஒரு காரியம் கேட்டதே பெருசு. மனசு மாறதுக்கு முன்ன கொண்டு வச்சிரு." அவருடைய அம்மா, என் மாமிக்கு அதில் இஷ்டமில்லை. "இப்பவே ரூமுக்குள்ளதான் கெடக்கான். அதையும் வாங்கிக் குடுத்தா பின்ன வெளிய வரவே மாட்டான்" என்று அழுதார். இரண்டு பேரும் சொன்னது சரியென்றே பட்டது.

மார்த்தாண்டத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் விசாரித்தேன். "அசெம்பிள் செய்யதுதான் நல்லது டீச்சர். ரெடிமேட்ல போட்டிருக்கதைவிட நல்ல கிராபிக்ஸ் கார்டு போடலாம். ஆனா சாமான் எல்லாம் வந்துசேர கொஞ்சநாள் ஆவும்" என்றார் கடைக்காரர்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது இதே யோசனைதான். காத்திருக்கச் சொன்னால் அந்த ஆசையும் போய்விடுமோ என்று பயம். நாளைக்கே பெட்டி வந்து நின்றால் கதவைச் சாத்திக்கொள்வாரோ என்று இன்னொரு பயம். கடைசியில் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் அசெம்பிள் செய்வது என்று முடிவெடுத்தேன். எந்த கார்டு, எந்த கேபினட் என்று நான் கேட்டால் அவர் பதில் சொல்லியாக வேண்டும். எனக்கு அவர் குரல் வேண்டியிருந்தது.

முதல் தடவை கடைக்குக் கிளம்பியவர் பஸ்ஸைப் பார்த்ததும் வீட்டுக்குத் திரும்பி நடந்துவிட்டார். அடுத்த வாரம் வந்தார். "இந்த எஸ்எம்பிஎஸ் அந்தக் கார்டைத் தாங்குமா?" என்று கரண்டு கொடுக்கும் பெட்டியைக் காட்டி அவர் கேட்டபோது நான் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டேன். கடையிலேயே மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். "வேண்டாம். நானே மாட்டுகேன்" என்றார்.

சாமான்கள் வந்ததும் தரையில் போர்வை விரித்து உட்கார்ந்து மாட்டினார். சுவிட்சைப் போட்டதும் ஃபேன்கள் சுற்றின. மானிட்டர் கறுப்பாகவே இருந்தது. கழற்றி மாட்டினார். அப்போதும் கறுப்புதான். ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டுப் போய் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து மாத்திரையையும் துப்பினார். முன்பைவிட மோசமானார். அவர் கேட்ட ஒரே ஒரு பொருளையும் நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்து நினைத்து எனக்கே சோறு இறங்கவில்லை. அண்ணனுக்குப் போன் செய்து, ரெடிமேடே வாங்கிக்கொண்டு வா என்று சொன்னேன்.

ஆனால் அவன் வருவதற்கு முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், போனில் வீடியோவைப் போட்டுக்கொண்டு நானே அந்தப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றும் தெரியாது. கையில் அகப்பட்ட வயரையெல்லாம் பிடித்து இழுத்தேன். அழுகை வந்துகொண்டே இருந்தது.

"அதப் புடிச்சு இழுக்காத."

பின்னால் நின்றிருந்தார். மெதுவாகக் கீழே உட்கார்ந்து, பெட்டியைத் தன் பக்கம் திருப்பினார். வெகுநேரம் பார்த்தபிறகு மதர்போர்டுக்குப் பின்னால் சிக்கிக் கிடந்த ஒரு வயரை வெளியே எடுத்தார். "பிராசசருக்குக் கரண்டு போற வயரு. இத மாட்டல்லியே" என்றார். மாட்டினார். மானிட்டரில் வெளிச்சம் வந்தது.

அண்ணனிடம் இனி வேறு வாங்க வேண்டாமென்று சொல்லிவிட்டேன். மாமி பயந்ததும் நடந்தது. கதவு சாத்தியே கிடந்தது, உள்ளே எப்போதும் லாரிச் சத்தம். மாமி என்னைப் பார்க்கும் பார்வையைத் தாங்க முடியவில்லை. அப்படியிருக்க ஒருநாள் கதவைத் திறந்து என்னைக் கூப்பிட்டார்.

"இஞ்ச வந்து இரி."

பக்கத்தில் உட்கார்ந்தேன். திரையில் மழை பெய்துகொண்டிருக்க, ஆளில்லாத ரோட்டில் லாரி போய்க்கொண்டிருந்தது. அவர் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"நான் தூக்குன பாரந்தான் அவன்மேல தட்டிச்சு. காத்து வீசிச்சு. எனக்குக் கீழ தெரியல்ல."

"நீங்க வேணும்னு செய்யல்லியே" என்றேன்.

"அவனுக்க வீட்ல போய் அப்படிச் சொல்ல முடியுமா?"

லாரி போய்க்கொண்டே இருந்தது, நானும் கூடவே உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரையை மறுபடி சாப்பிடுகிறார், இன்னும் நிற்கவில்லை. போன மாதம், அடிக்கடி கரண்டு போகிறதென்று யுபிஎஸ் வாங்க யாரிடமும் சொல்லாமல் தனியாகக் கிளம்பியிருக்கிறார். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது போன் வந்தது.

"மார்த்தாண்டத்துல நிக்கேன். சாமான் வாங்கியாச்சு. திரும்பி வர பயமா இருக்கு. வாறியா?"

பிள்ளைகளைப் பக்கத்து வகுப்பு டீச்சரிடம் ஒப்படைத்துவிட்டு ஓடினேன். கடைப்படியில் யுபிஎஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"வந்தியா" என்றார்.

"ம்."

"பஸ்ல கூட்டமா இருக்கும்."

"கூட்டம் கொறையட்டும், போலாம்" என்று சொல்லி நானும் அந்தப் படியில் உட்கார்ந்தேன்.