மின்தடைக்கு முன் எட்டாவது ஸ்டேஜ்

அம்மாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. படபடப்பு கூடவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அந்த நிலையில் பரணில் கிடந்த என் பழைய வீடியோ கேமை இறக்கி, ஸ்ரீரங்கத்து வீட்டு டிவியில் மாட்டி ஆடுகிறாள் என்று தெரிந்தபோது முதலில் சிரித்தேன். தனியாக இருப்பவளுக்குப் பொழுது போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

எந்த கேசட் என்று பார்த்ததும் சிரிப்பு நின்றது. குகைக்குள் ஒரு குட்டி மனிதன் ஓடுவான். எட்டு ஸ்டேஜ், மூன்றே உயிர். குதித்தால் எங்கே விழுவோம் என்று திரையில் தெரியாது. விழுந்த பிறகுதான் அங்கே முள் இருப்பது தெரியும். மூன்று உயிரும் போனால் மறுபடி முதலிலிருந்து. பாதியில் சேமித்து வைக்கவும் வழியில்லை. பள்ளி நாட்களில் நான் நான்காவது ஸ்டேஜைத் தாண்டியதே இல்லை. ஆத்திரத்தில் ஜாய்ஸ்டிக்கைச் சுவரில் அடித்திருக்கிறேன்.

அம்மா ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர். கட்டம் போட்ட நோட்டில் ஒவ்வொரு குகையையும் வரைந்து, செத்த இடத்திலெல்லாம் பெருக்கல் குறி போட்டு வைத்தாள். இந்த கேமைச் செய்தவன் சிலபஸில் இல்லாததையெல்லாம் கேட்கிறான் என்று போனில் என்னிடம் புகார் சொல்லும்போது அவளுக்கு மூச்சு வாங்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஏழாவது ஸ்டேஜை முடித்தாள். களைத்துப்போனதால் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டுப் படுத்தாள். டிவியை அணைத்தாள், கேம் பெட்டியை அணைக்கவில்லை. மறுநாள் காலை ஒன்பது மணி முதல் அந்தப் பகுதியில் பராமரிப்புக்காக மின்தடை என்று அறிவிப்பு வந்தது. வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது.

தில்லை நகரில் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரில் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு, எட்டு மணிக்கே பாலத்தைக் கடந்து போய்விட்டேன். அம்மா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். மாத்திரை போட்டியா என்று கேட்டேன். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அடாப்டர் இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதித்தது. பிளாஸ்டிக் கருகும் வாடை வேறு. ஸ்விட்ச் பக்கம் கையை நீட்டினேன்.

"தொடாத. அணைச்சீன்னா இனிமே இங்க வராத."

அவள் சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது. இரண்டு கையிலும் ஜாய்ஸ்டிக் இருந்ததால் மணிக்கட்டைப் பிடிக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்து அவள் கணுக்காலில் விரலை வைத்து நாடி பார்த்தேன். குதிரை மாதிரி ஓடியது.

எட்டே காலுக்கு ஒரு உயிர் போனது. எட்டரைக்கு இன்னொன்று. கடைசி உயிரில் முட்களையும் நெருப்பையும் தாண்டி, கடைசிக் கதவு வரை போய்விட்டாள். நான் என்னையறியாமல் அவள் காலை இறுக்கிப் பிடித்திருந்தேன்.

கதவு திறக்கவில்லை. திரையில் ஒரு சாவியின் படம் மட்டும் மின்னி மின்னி மறைந்தது.

அம்மா நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். மூன்றாவது ஸ்டேஜின் மேல் மூலையில் ஏதோ பளபளத்ததாகக் குறித்திருந்தாள். வெறும் பாயிண்ட் என்று நினைத்து எடுக்காமல் வந்திருக்கிறாள். திரும்பிப் போக வழியில்லை.

"மூணாவதுலயே தோத்துட்டேன். அஞ்சு ஸ்டேஜ் சும்மா ஆட விட்டிருக்கான்" என்றாள்.

கரண்ட் போக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. புடவைத் தலைப்பால் அடாப்டரைப் பிடித்து அவளே பிடுங்கினாள். தண்ணீரும் மாத்திரையும் கொடுத்துவிட்டு, அதுவரை அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துத் திட்டினேன். திட்டும்போதே எனக்கு அழுகை வந்தது.

"பயந்துட்டியா?" என்றாள்.

"ஆமாம்மா."

அதற்குப் பிறகு மாத்திரை போட்டுவிட்டுத்தான் ஆடுவது, ஒரு நேரத்தில் அரை மணிக்கு மேல் கூடாது என்று ஒப்புக்கொண்டாள். இடைவெளியிலும் பெட்டியை அணைக்க மாட்டாள் என்பதால், சூடேறாமல் இருக்க நானே புது அடாப்டர் வாங்கிக் கொடுத்தேன்.

மூன்று வாரம் கழித்து, வேலை முடிந்து லாக்கரிலிருந்து போனை எடுத்தபோது அவளிடமிருந்து நான்கு மிஸ்டு கால். உடனே திரும்ப அழைத்தேன்.

"முடிச்சுட்டேன்" என்றாள்.

கடைசியில் என்ன வந்தது என்று கேட்டேன்.

"ஒரே ஒரு வரி. அதுலயும் ஸ்பெல்லிங் தப்பு."

நான் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். லைனில் இருக்கிறாயா என்று அவள் இரண்டு முறை கேட்டாள்.