பிப்ரவரிக் கடல்

போன ஞாயிற்றுக்கிழமை மகன் புக்கிட் மெர்தாஜாமிலிருந்து பேத்தியோடு வந்து, என்னையும் ஏற்றிக்கொண்டு பினாங்கில் கர்னி பக்கத்துப் பேரங்காடி ஒன்றுக்குப் போனான். பேத்தி மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் கேட்டாள். தட்டு வந்ததும் அதன்மேல் வினிகரைக் கொட்டினாள். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், என் கண் நிறைந்துவிட்டது.

"ஏம்மா, என்னாச்சு?" என்றான் மகன்.

"வினிகர்லா, கண்ல பட்டுருச்சு" என்றேன். இந்த வயதிலும் எனக்குச் சரியாகப் பொய் சொல்ல வரவில்லை.

மற்றவர்களுக்கு வினிகர் என்றால் ஊறுகாய் நினைவுக்கு வரும். எனக்கு இங்கிலாந்தின் கடற்கரை ஒன்று வரும். நாற்பது ஆண்டுகள் இருக்கும். அங்கே ஒரு மருத்துவமனையில் நான் தாதி. என் வீட்டுக்காரருக்குப் பகலில் கிடங்கு வேலை, மாலையில் கணக்கியல் படிப்பு. சுங்கை பினாங்கில் எதிரெதிர் வீட்டில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த டிசம்பர் கடைசியில் எங்கள் முதல் குழந்தை, ஏழாம் மாதத்திலேயே, உயிரில்லாமல் பிறந்தது. பெண். எனக்கு மயக்கம் தெளிவதற்குள் எடுத்துப்போய்விட்டார்கள். பார்க்காமல் இருப்பதே நல்லது என்றார்கள். அப்போதெல்லாம் அப்படித்தான். மற்றத் தாய்மாரிடம் நானே அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஆறு வாரம் நான் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. ஒருநாள் அவர் இரண்டு ரயில் டிக்கெட்டோடு வந்தார். "நாம பினாங்குக்காரங்க. கடலப் பார்த்தா சரியாயிடும்லா."

நானும் நம்பினேன், பாருங்கள். பையில் சிலிப்பர் வேறு எடுத்துவைத்தேன். போய் இறங்கினால் மணலே இல்லை, எல்லாம் கூழாங்கல். கடல் பாத்திரம் கழுவிய தண்ணீரின் நிறத்தில் கிடந்தது. ஐஸ்கிரீம் கடைகளைப் பலகை அடித்து மூடியிருந்தார்கள். நாயோடு நடந்த ஒரு கிழவரைத் தவிர ஆளில்லை. திறந்திருந்த ஒரே கடையில் மீனும் உருளைக்கிழங்கும் வாங்கி, பேருந்து நிறுத்தத்தில் ஒதுங்கிக் காகிதத்தைப் பிரித்தோம். வினிகர் வாடை குளிரோடு சேர்ந்து அடித்தது. "தொட்டுக்க மிளகாய்ச் சம்பால் இருந்தா நல்லாருக்கும்" என்றார். ஆறு வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தேன். சிரித்ததற்காக உடனே என்மேலேயே கோபம் வந்தது.

தங்கிய வீட்டில் விருந்தாளிகள் நாங்கள் மட்டுமே. மறுநாள் காலை வீட்டுக்கார அம்மாள் முட்டையை வைத்துவிட்டு, பிள்ளைகள் உண்டா என்று சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"இல்லை" என்றேன் நான். அதே நொடியில் அவர், "ஒன்று" என்றார்.

அந்த அம்மாள் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். உள்ளே போய்ச் சூடாக இன்னும் கொஞ்சம் தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

கடற்கரைக்கு வந்ததும் அவர்மேல் பாய்ந்தேன். காற்றில் கத்த வேண்டியிருந்தது. "ஏன் அப்படிச் சொன்னீங்க? அந்தம்மா முன்னால என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே!"

"நான் பார்த்தேன்" என்றார்.

"எதை?"

"பாப்பாவ. கையெழுத்து வாங்கக் கூப்பிட்டாங்க. துண்டுல சுத்தி வச்சிருந்தாங்க. கேட்டேன், குடுத்தாங்க. கொஞ்ச நேரம் தூக்கி வச்சிருந்தேன்."

இதை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் ஆறு வாரமும் எனக்குச் சோறாக்கிப் போட்டிருக்கிறார், மனிதர்.

"உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. உன் நெத்திதான். மூக்கு எங்கம்மா மாதிரி" என்றவர், அதற்கு மேல் முடியாமல் அழுதார். கூழாங்கல்மேலேயே இருவரும் உட்கார்ந்துவிட்டோம். ஈரம் கோட்டுக்குள் ஏறும்வரை எழவில்லை.

பிறகு ஊர் திரும்பினோம். டத்தோ கிராமாட்டில் வீடு எடுத்தோம். மகன் பிறந்தான். அவனுக்கு அக்காவைப் பற்றிச் சொன்னதே இல்லை. ஆனால் ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஏதாவது ஒருநாள், கீரை ஆய்ந்துகொண்டோ துணி மடித்துக்கொண்டோ நான் கேட்பேன்: "எப்படிங்க இருந்தா?" அவர் அலுக்காமல் சொல்வார். ஒரு வருஷம் விரல் நீளம் என்றார். இன்னொரு வருஷம், காது ரொம்பச் சின்னது என்றார். எல்லாம் நிஜம்தானா என்று நான் கேட்டதில்லை.

அன்று பேரங்காடியிலேயே பேத்தியிடம் அந்த ஊர்ப்பெயரைச் சொல்லிப் போனில் தேடச் சொன்னேன். நாங்கள் தங்கிய தெருவில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கின்றன. அது போகட்டும். அவர் போய்ப் பதினொரு மாதமாகிறது. எங்கள் வீட்டில் என் மகளைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். இத்தனை வருஷம் கேட்டவள், அவளுக்குத் தலையில் முடி இருந்ததா என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டேன்.