மாமரத்தில் துளசிச் சிரட்டை

என் மாம்பழத்தில் புழு இருந்தது. அதை நான் அன்றும் மறுக்கவில்லை, இன்றும் மறுக்கவில்லை. தெரிந்தே புழுத்த பழத்தை ஆண்டவருக்குக் கொண்டுபோனேன் என்று சபைக்கு நடுவில் சொன்னார்களே, அதைத்தான் மறுத்தேன். அதற்காக என்னை ஏறக்குறைய ஒரு வருஷம், கோயிலில் அப்பமும் திராட்சரசமும் தருகிற திருவிருந்துக்கு ஆகாதவளாக ஒதுக்கி வைத்தார்கள். என்னைப் பிடிக்காத சிலர் இந்தக் கதையைத் தங்களுக்குத் தோதாகச் சொல்லித் திரிகிறார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது நாங்கள் திருவிதாங்கூர்க் குடிகள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம். புதுக்கடைக்கு மேற்கே, அப்பா எனக்குச் சீதனமாகத் தந்த தோப்பு விளையில் வீடு கட்டியிருந்தோம். விளையில் கற்பூர வருக்கை, செங்கவருக்கை, வேலியோரம் ஒரு மூவாண்டன் என்று நல்ல காய்ப்புள்ள மாமரங்கள் நின்றன. கணவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மேற்கு வேலிக்கு அப்பால் எங்கள் சபையின் கோயில். அந்தக் கோயில் வளாகத்திலும் வயதான மாமரங்கள் உண்டு.

வைகாசியில் எங்கள் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை நடக்கும். விளைந்ததில் முதலாவதைக் காணிக்கையாகக் கொண்டுவருவோம். வாழைக்குலை, சேனை, கோழி, முட்டை, மாம்பழம் எல்லாம் பலிபீடத்தின் முன் குவியும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் வைத்து ஏலம் விடுவார்கள். யாருடைய கூடை எவ்வளவு போகிறது என்று பெண்கள் வாய்க்குள் ஒரு கணக்கு வைத்திருப்போம். என் கற்பூர வருக்கைக் கூடைக்கு எப்போதும் போட்டி இருக்கும். அதில் எனக்குப் பெருமையும் உண்டு. பெருமைப்பட்டால் என்ன, நான் தண்ணீர் விட்டு வளர்த்த மரம்.

அந்த வருஷம் என் கூடையை ஏலத்தில் எடுத்தவர் சபையின் மூப்பர். கணவருக்கு ஒன்றுவிட்ட சித்தப்பா முறை. ஏலம் விடுவதும் அவர்தான், திருவிருந்தில் அப்பத்தட்டை ஏந்துவதும் அவர்தான். எடுத்த கையோடு பேனாக்கத்தியால் ஒரு பழத்தை அறுத்தார். வெளியே ஒரு தழும்பு இல்லாத பழம். உள்ளே சதை கூழாகி, வெள்ளைப் புழுக்கள் துள்ளி விழுந்தன. அவர் அதை உயர்த்திப் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினார்.

"பாத்தியளா? கர்த்தருக்குக் கொண்டு வந்திருக்கிய லெச்சணம். வியாபாரிக்கு நல்லது, கர்த்தருக்குப் புழுத்தது."

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "மாமா, எனக்க பழத்த மட்டும் அறுத்தா எப்படி? ஒங்க கூடையும் இருக்கு, போதகர் ஐயா வீட்டுக் கூடையும் இருக்கு. எல்லாத்தையும் அறுத்துப் பாப்போம்" என்றேன்.

"கர்த்தருக்கு வச்சத நீ சோதிக்கியா?" என்று கேட்டார்.

என் பழம் மட்டும் கர்த்தருக்கு வைத்தது இல்லையாம். கணவர் என் முந்தானையைப் பிடித்து இழுத்தார். என் கூடையை அப்படியே கோயிலுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அடங்காத கோபத்தோடு வீட்டுக்கு வந்தேன்.

வந்தவள் அழுதுகொண்டு படுத்துவிடவில்லை. அன்று பகலில் உதிர்ந்த ஒரு பழத்தை எடுத்து, ஊறுகாய்ப் பரணியில் ஈர மணலைப் போட்டு அதன் மேல் வைத்து, வாயை மெல்லிய துணியால் கட்டிவைத்தேன். புழு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எனக்குச் சோறு இறங்காது. சில நாளில் புழுக்கள் பழத்தை விட்டு மணலுக்குள் இறங்கின. கிளறிப் பார்த்தபோது செந்நெல் மணி மாதிரிக் கூடுகள். அப்புறம் ஒரு காலையில் துணிக்கு அடியில் ஈக்கள் ஊர்ந்தன. வீட்டு ஈ இல்லை. குளவிச் சாயலில் இடுப்பு ஒடுங்கி, மஞ்சள் பட்டை போட்டு, கண்ணாடிச் சிறகோடு இருந்தன. பழம் முற்றும்போது இந்த ஈ தோலைக் குத்தி முட்டை வைக்கிறது. பழம் விழுகிறது, புழு மண்ணுக்குள் போகிறது, மறுபடி ஈயாகி மேலே வருகிறது. முட்டை வைத்தது நீங்கலாக அத்தனையும் என் பரணிக்குள்ளேயே நடந்துவிட்டது.

ஆனால் என் விளையில் உதிர்ந்த பழம் ஒன்றும் கிடக்காது. காலையில் பெருக்கும்போதே பொறுக்கிச் சாம்பல் குழியில் போட்டு மூடிவிடுவேன். அப்படியானால் இந்த ஈ வேறு எங்கோ பிறந்து வருகிறது.

இடவப்பாதி மழை தொடங்கியிருந்த சமயம். கிழக்கு வீட்டு அக்கா, நாயர் வீட்டுப் பெண், முற்றத்துத் துளசியின் பூங்கதிர்களைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மழையில் நொறுங்கிப் போயிருந்த அந்தக் கதிர்களின் மேல் என் பரணி ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. கையால் விசிறினாலும் போகவில்லை. நான் வேலிக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அக்கா, எனக்குக் கொஞ்சம் துளசி வேணும்."

அவள் என்னைக் கண் விரித்துப் பார்த்தாள். எங்கள் வீடுகளில் துளசி வளர்ப்பதில்லை. கிறிஸ்து வேதத்துக்கு வந்தபோதே எங்கள் முன்னோர் துளசி மாடத்தை இடித்துப்போட்டவர்கள். அதைத் தொடுவதே பழைய மதத்துக்குத் திரும்புவது போல என்று எண்ணுகிறவர்கள் சபையில் பாதிப் பேர்.

"ஒனக்கு என்னத்துக்கு மக்கா?"

"ஈ பிடிக்க."

சிரித்தாள். அப்புறம் யோசித்தாள். "பறிச்சுத் தாறேன். ஆனா சவட்டப்பிடாது கேட்டியா. வேல முடிஞ்சா கால் படாத எடத்துல போடணும்" என்றாள். நான் சம்மதித்தேன். அவளுடைய சாமிக்கு அவள் காட்டுகிற மரியாதையை நான் கெடுக்க வேண்டிய தேவை ஒன்றுமில்லை.

துளசியை இடித்து, தண்ணீரில் கலந்து, தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றி, கயிறு கட்டி என் மரங்களில் தொங்கவிட்டேன். ஈக்கள் வந்து விழுந்து செத்தன. இப்படியே எல்லா ஈயையும் கொன்றுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அது நடக்கவில்லை. செத்தவை எல்லாம் ஆண் ஈக்கள் என்று, வெகு காலம் கழித்து வடசேரிச் சந்தையில் பார்த்த விவசாய இலாகாக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. ஆனால் சிரட்டைகள் எனக்கு வேறொன்றைச் சொல்லின. கிழக்கு மரங்களில் தொங்கியவற்றில் நாலைந்து ஈ மிதந்தால், கோயில் வேலியோரத்து மூவாண்டனில் தொங்கியதில் தண்ணீரே தெரியாதபடி ஈ கிடந்தது. ஒவ்வொரு நாளும் இப்படித்தான். சிரட்டைகளை இடம் மாற்றித் தொங்கவிட்டேன். அப்போதும் மேற்கேதான் நிறைந்தது.

வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை, பிறந்ததிலிருந்து எல்லோரும் பார்த்து வந்ததுதான். கோயில் மரத்துப் பழம் ஆண்டவர் சொத்து. மரத்தைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்த வியாபாரி மரத்தில் இருப்பதைப் பறித்துப் போவான். உதிர்ந்ததை யாரும் தொடக்கூடாது. ஒரு பழம் பொறுக்கித் தின்றவனைக் கோயில் முன் நிறுத்திக் கண்டித்திருக்கிறார்கள். அதனால் பழமெல்லாம் மரத்தடியில் கிடந்து, அழுகி, நாறி, கறுப்புப் பாயாக விரிந்திருந்தது. என் கூடையைக் கொட்டியதும் அங்கேதான். ஊருக்கெல்லாம் புழு வளர்க்கிற பண்ணையை எங்கள் பக்தி நடத்திக்கொண்டிருந்தது.

உத்தரவு கேட்டால் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் வேலியைத் தாண்டிப்போய்க் கோயில் மரங்களிலும் துளசிச் சிரட்டைகளைக் கட்டினேன். மறுநாள் சபை கூடியபோது மரத்துக்கு மரம் சிரட்டை தொங்கியது. யாரோ செய்வினை செய்து கூடோத்திரம் வைத்துவிட்டார்கள் என்று பெண்கள் நடுங்கினார்கள். மூப்பர் ஒன்றை இறக்கி முகர்ந்து பார்த்தார். துளசி என்றதும் சபையே இரைந்தது.

நான் முன்னால் போய், "நான்தான் கெட்டினேன்" என்றேன். "உள்ள பாருங்க. ஒருநாள் ராத்திரில விழுந்த ஈ. ஈ இஞ்சதான் பெறக்குது. உதுந்த பழத்தக் குழிவெட்டி மூடுங்க, அடுத்த வருஷம் ஒங்க பழமும் நல்லாருக்கும், எனக்க பழமும் நல்லாருக்கும்."

அவர்கள் சிரட்டைக்குள் பார்க்கவில்லை. அந்த வாரமே கமிட்டி கூடியது. போதகர் நடுவில் உட்கார்ந்திருந்தார், சாதுவான மனுஷர், மூப்பர் பேசினால் தலையாட்டுவார். பழுதான காணிக்கை கொண்டுவந்தேன், கோயில் வளாகத்தில் அந்நிய ஆராதனைப் பொருளை வைத்தேன் என்று இரண்டு குற்றம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் முன்னால் முழங்காலிட்டு மன்னிப்புக் கேட்டால் முடிந்தது, இல்லாவிட்டால் கேட்கும்வரை திருவிருந்து கிடையாது.

"கேக்கமாட்டேன்" என்றேன்.

"யோசிச்சுச் சொல்லு பிள்ளே" என்றார் போதகர்.

"யோசிச்சாச்சு ஐயா."

வீட்டில் கணவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூடத்துக்கு மேனேஜர் அந்தப் போதகர்தான். "ஒரு நிமிஷம் முட்டுக் குத்தினா தீந்துபோவும்லா" என்றார். "தப்புச் செய்யாம முட்டுக் குத்தினா, பெறவு வேதபுஸ்தகத்த நான் எந்தக் கையால தொடுவேன்?" என்று கேட்டேன். அதற்குமேல் அவர் வற்புறுத்தவில்லை. அவர் பயந்தவர், ஆனால் நல்லவர். அவரை நான் குறை சொல்லமாட்டேன்.

திருவிருந்து எனக்குச் சின்ன விஷயம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் சபையில் அப்பத்தட்டைப் பெஞ்சுக்குப் பெஞ்சு கொண்டுவருவார்கள். மூப்பர் என் பக்கத்தில் இருப்பவளுக்கு நீட்டுவார், பிறகு தட்டை என் தலைக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கத்தவளுக்கு நீட்டுவார். வெட்கப்பட்டுப் பின்பெஞ்சுக்குப் போவேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் ஒரு திருவிருந்து ஞாயிறும் தவறாமல் பெண்கள் பக்கத்து முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அந்த அப்பத்தின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை இருந்தது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

அடுத்த மாசியில் பிஞ்சு பிடித்தபோது கோட்டாற்று வியாபாரி வந்தார். வருஷந்தோறும் என் மரங்களையும் கோயில் மரங்களையும் அவர்தான் பாட்டம் எடுப்பார். என் மரங்களை எடுத்துக்கொண்டார். கோயில் மரங்களைத் திரும்பியும் பார்க்கவில்லை. போன வருஷத்துக் கோயில் பழத்தில் பாதியைச் சந்தையில் வைத்தே தூரக் கொட்டினாராம். மூப்பர் நயந்து பார்த்தார், மிரட்டியும் பார்த்தார்.

"கோயில் மரத்தடிய மொதல்ல சுத்தம் பண்ணுங்க அண்ணாச்சி, பெறவு பேசுவோம்" என்று சொல்லிவிட்டு அவர் வண்டியேறினார்.

நான் சொன்னபோது கேட்காத காது அப்போது கேட்டது. பங்குனியிலேயே கோயிலுக்குப் பின்னால் ஆள் மட்டத்துக்குக் குழி வெட்டினார்கள். உதிர்ந்ததைத் தினமும் பொறுக்கிப் போட்டு மண் தள்ளினார்கள். கமிட்டியின் ஆலோசனைப்படி என்று போதகர் அறிவிப்பில் வாசித்தார். என் பெயரைச் சொல்லவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. என் விளையில் சிரட்டைகள் தொங்கிக்கொண்டேதான் இருந்தன. மேற்கு வேலியோரச் சிரட்டையில் ஈ குறைந்துகொண்டே வந்தது. புழு அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன், ஆனால் பத்துப் பழம் அறுத்தால் ஒன்பது நன்றாக இருந்தது.

வைகாசியில் மறுபடி பண்டிகை. கூடை கொண்டுபோகாதே என்றார் கணவர். கொண்டுபோனேன். என் முன்னாலேயே மூப்பர் என் பழம் ஒன்றை அறுத்தார். மஞ்சள் சதை, சுத்தமாக இருந்தது. அப்படியே ஏலத்தைத் தொடங்கினார். போட்டி ஏறி ஏறி, என் கூடைதான் அன்றைக்கு மேலே போனது. பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டார்கள். போதகர் ஜெபித்தார், இந்தக் காணிக்கைகளை அங்கீகரியும் ஆண்டவரே என்று. ஆமென் என்றார்கள் எல்லோரும், மூப்பரும்.

அடுத்த ஞாயிறு திருவிருந்து. நான் முதல் பெஞ்சில் இருந்தேன். மூப்பர் தட்டோடு வந்தார். என் பக்கத்தில் இருந்தவள் எடுத்துக்கொண்டாள். அவர் வழக்கம்போலத் தட்டை என் தலைக்கு மேலே தூக்கப்போனார். நான் கையை நீட்டித் தட்டின் விளிம்பைப் பிடித்தேன்.

"பிள்ளே, விடு" என்றார் மெதுவாக.

"எனக்க மாங்காய எடுத்தியல்லா மாமா" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. "அதுக்க பணத்தையும் எடுத்திய. ஆமென்னும் சொன்னிய. எனக்க காணிக்க ஆண்டவருக்கு ஆவும், நான் மட்டும் ஆவாதா?"

அவர் போதகரைத் திரும்பிப் பார்த்தார். போதகர் கையிலிருந்த புஸ்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வாயில் வைத்தேன். மென்று விழுங்கும்வரை மூப்பரின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தட்டை விட்டேன், அவர் அடுத்தவளுக்கு நீட்டினார்.

பின்னாலேயே இன்னொருவர் திராட்சரசக் கிண்ணத்தோடு வந்தார். அவர் மூப்பரின் முதுகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கிண்ணத்தை என்னிடம் கொடுத்தார்.