இடுப்பில் மடங்கும் டிராக்டரும் இரவல் பூட்ஸும்

என் அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் விவசாய இயந்திரங்களைப் பற்றி மேற்படிப்பு படிக்க மாண்ட்ரியல் வந்தவள். இதை யாரும் கேட்காமலே சொல்லிவிடுகிற பழக்கம் அப்போது எனக்கு இருந்தது. இப்போதும் முழுதாகப் போய்விடவில்லை.

மாண்ட்ரியலின் வில்லரே பகுதியில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில், கீழ்த்தளத்தில் எனக்கு ஓர் அறை. அங்கிருந்து மெட்ரோ, பிறகு பஸ் என்று மாறி சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் இருந்த விவசாய வளாகத்துக்குப் போய்வருவேன். ஐரோப்பியப் பண்ணைகளில் ஓடும் மிகப் பெரிய டிராக்டர்களைப் பற்றியது என் ஆய்வு. சாதாரண டிராக்டரில் முன் சக்கரங்கள் திரும்பும். இவற்றில் எந்தச் சக்கரமும் தனியாகத் திரும்பாது. ஸ்டியரிங்கை வளைத்தால் வண்டியே இடுப்பில் மடங்கும். ஐரோப்பாவின் பெரும்பாலான வயல்களுக்கு அது தேவைக்கு மீறிய வண்டி. குறுகலான சாலைகளில் அதன் இரட்டைச் சக்கரங்களுக்கு இடமும் போதாது. ஆனால் கிழக்கு ஜெர்மனியில், பழைய கூட்டுப்பண்ணைகள் விட்டுப்போன பரந்த நிலங்களில், அதற்கு வேலை இருந்தது. அவ்வளவு எடை மண்ணை எப்படி அழுத்துகிறது என்பதுதான் என் கேள்வி. அங்கே போய் அளக்காமல் அதற்குப் பதில் எழுத முடியாது.

அப்படிப்பட்ட பண்ணை ஒன்றின் உரிமையாளர் ஏப்ரலில் எங்கள் வளாகத்துக்கு வந்தார். கோடை முழுவதும் தன் பண்ணையில் வேலை செய்ய ஒரே ஒரு மாணவரைத் தேர்ந்தெடுப்பார். வண்டியை ஓட்டிக் காட்ட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அதற்காகவே ஒரு வண்டியை வரவழைத்து நிறுத்தியிருந்தார்கள். போட்டியில் நாங்கள் நான்கு பேர். போகப்போவது நான்தான் என்று எல்லாருக்கும் தெரியும். நானே சொல்லியிருந்தேன். ஊருக்கும் போனில் சொல்லியாகிவிட்டது.

இரும்பு முனை வைத்த பூட்ஸ் கட்டாயம் என்றார்கள். என்னிடம் இல்லை. கிடங்கில் வேலை பார்த்த வீட்டுக்கார அண்ணனின் பூட்ஸை இரவல் வாங்கி, முனையில் தமிழ்ப் பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்துப் போட்டுக்கொண்டு போனேன்.

முதலில் வண்டியைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். முன் சக்கரம் போன தடத்திலேயே பின் சக்கரமும் வரும், திரும்பும்போதும் விலகாது, அதுதான் இந்த வண்டியின் சிறப்பு என்று விளக்கினேன். பேராசிரியர் பெருமையோடு தலையாட்டினார்.

பிறகு ஓட்டிக் காட்ட என் முறை வந்தது. எல்லாரும் வண்டிக்கு வலப்பக்கம் நின்றார்கள். ஏணி இடப்பக்கம், இரண்டு சக்கரங்களுக்கும் நடுவில். முதல் படியில் கால் வைத்ததுமே குதிகால் பூட்ஸை விட்டு வெளியே வந்தது. இந்தக் காலோடு பிரேக்கை எப்படி மிதிப்பது? கழற்றி, ஏணிக்குக் கீழே ஜோடியாக வைத்துவிட்டு, சாக்ஸோடு ஏறிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை.

நன்றாகத்தான் ஓட்டினேன். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. வண்டி மடங்கி, ஒரு வட்டம் போட்டு, சொன்ன இடத்தில் வந்து நின்றது. இன்ஜினை அணைத்து, கதவைத் திறந்து, பெருமையாகக் கீழே பார்த்தேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நான் புறப்பட்ட இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே அண்ணனின் பூட்ஸ் சேற்றோடு சேறாக நசுங்கிக் கிடந்தது. உள்ளேயிருந்து பத்திரிகைத் தாள் பிதுங்கி, மணமகள் தேவை விளம்பரங்கள் விரிந்து கிடந்தன.

“உன் கால் ரெண்டும் உன்கிட்டதானே இருக்கு?” என்று கத்தினாள் என் வகுப்பில் படித்த கியூபெக் பெண். எல்லாரும் சிரித்தார்கள்.

பேராசிரியர் என்னைக் காப்பாற்ற நினைத்தார். “அவர்கள் நாட்டில் இயந்திரத்தைக் கும்பிடுவார்கள். செருப்போடு ஏற மாட்டார்கள்” என்று பண்ணைக்காரரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். அது முழுப் பொய்யும் இல்லை. ஆயுத பூஜைக்கு எங்கள் ஊர் டிராக்டரும் மாலை போட்டுக்கொள்ளும்.

சிரிப்பு சட்டென்று நின்றது. பண்ணைக்காரர் மரியாதையோடு தலையசைத்தார். “அப்படியானால் நானும் கழற்றிவிட்டுத்தான் உன்னோடு ஏற வேண்டும்” என்று ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார். ஒரு பூட்ஸ் கழன்றது. சாக்ஸில் பெருவிரல் பக்கம் ஓர் ஓட்டை. அந்தக் காலைச் சேற்றில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அடுத்ததை அவிழ்த்தார்.

நான் பேசாமல் இருந்தால், பூட்ஸைக் கழற்றியது எங்கள் ஊர் வழக்கம். பேசினால் அது விதிமீறல். எனக்கு அது புரிந்தது. ஆனால் அந்த ஓட்டைச் சாக்ஸை அதற்கு மேல் பார்க்க முடியவில்லை.

“இல்லை சார். அது என் பூட்ஸே இல்லை. பெரிதாக இருந்தது. பிரேக்கை மிதிக்க முடியாதென்று கழற்றினேன்.”

அவர் கோபப்படவில்லை. கொட்டகைச் சுவரைக் காட்டினார். அங்கே வருகிறவர்களுக்காக எல்லா அளவிலும் பூட்ஸ் வரிசையாக மாட்டியிருந்தது. எத்தனையோ முறை அதைக் கடந்து போயிருக்கிறேன். கேட்க வாய் வந்ததில்லை.

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே” என்றார். பிறகு தன் பூட்ஸைத் திரும்ப மாட்டிக்கொண்டு, “அடுத்தவர் வரட்டும்” என்றார்.

சுவரில் என் அளவில் இருந்த ஒரு ஜோடியைப் போட்டுக்கொண்டு ஓரமாக நின்றேன். மாலையில் கியூபெக் பெண்ணின் பெயரை அறிவித்தார்கள்.

நசுங்கியதைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அண்ணன் எடுத்துப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

“என்ன பிள்ளை, என்ரை சப்பாத்தை டிரக்டருக்குத் தின்னக் குடுத்திட்டியே?”

“புதுசு வாங்கித் தந்துடறேன் அண்ணா.”

“அதை விடு. கால் தப்பினதே பெரிய காரியம். ஜெர்மனி என்ன மாதிரி?”

“கிடைக்கலை.”

அண்ணனின் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். “ஐயோ, நான் கோயில்ல எல்லாருக்கும் சொல்லிப்போட்டனே!”

“உனக்கு வாய் சும்மா இராது. ஆரும் கேட்டா விசா குடுக்கேல்லை எண்டு சொல்லு. அதோட கதை முடிஞ்சுது” என்றார் அண்ணன்.

நான் மறுக்கவில்லை. காலையில் அத்தனை பேர் முன்னால் வந்த உண்மை, இந்த இரண்டு பேர் முன்னால் வரவில்லை.

வெள்ளிக்கிழமை கோயிலில் முன்பின் தெரியாத ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “கேள்விப்பட்டன் மோனை. எங்கடை பிள்ளையள் எண்டா விசாக்காரர் இப்பிடித்தான். நீ கவலைப்படாதை.” அவருடைய மகனுக்கு மூன்று முறை மறுத்தார்களாம். சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது.

“ஆமாம்மா” என்றேன். அன்று இரவு ஊருக்குப் பேசியபோது அப்பாவிடமும் விசா என்றே சொன்னேன்.